நான்காவது தூண்

ஊர் கூடும் புதிய பெரிய வீட்டில் மூன்று தூண்களில் குலச்சின்னங்களான கழுகும் கரடியும் கடல்சிங்கமும் செதுக்கியாகிவிட்டது. நான்காவது மட்டும் மொட்டையாக நின்றது. திறப்பு விருந்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"அத்தை, அதை ஏன் செதுக்கல?" என்று கேட்டாள் வெர்னா.

சால்மன் மீனைப் புகையில் தொங்கவிட்டபடியே, "அது உனக்குன்னு விட்டதும்மா. அப்படியே இருக்கட்டும்" என்றாள் எடித்.

வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பேச்சை மீறி இந்தத் தீவுக்கு வாழவந்தவளுக்கு மொட்டைத் தூணா? ஊரே பார்த்துச் சிரிக்கவா? கணவன் ரஸ்ஸலைக் கேட்டாள். "அம்மாவையே கேளு" என்று நழுவினான்.

மறு வாரம், எங்கோ போய்த் திரும்பிய எடித் படகுத்துறையில் ஒருவரைக் கைபிடித்து இறக்கினாள். கல்யாணத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அப்பா!

"உன் மாமியார் எங்க வாசலைவிட்டு நகர மாட்டேன்னுட்டாங்க" என்றார் அவர்.

"பின்னே? உங்க குலத்து ஓநாயை அந்தத் தூணுல வைக்க நீங்க வாயால அனுமதி குடுக்காம, நாங்க எப்படிச் செதுக்குறது, சம்பந்தி? அது திருட்டில்ல?" என்றாள் எடித்.

அப்பா தன் கோட்டைக் கழற்றி வெர்னாவிடம் நீட்டினார்.

"பிடி. ஓநாய்க்குக் காது கோணலாப் போயிடக் கூடாது. முடியிற வரைக்கும் நான் இங்கதான்."