பத்தாவது சிகரெட்

சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போட்டும் யாரும் விடவில்லை என்று, இப்போது செத்தவர்களின் குரலைச் சிகரெட்டிலேயே வைத்துவிட்டார்கள். பற்றவைத்து இழுத்தால் அது எச்சரிக்கும்.

பிலோமினா பெட்டிக்கடையில் இறந்துபோன தன் கணவர் சவரியின் குரல் இருக்கும் பெட்டியைக் கேட்டாள்.

“நேத்துதானக்கா வாங்குனிய?” என்றார் கடைக்காரர் இசக்கி. “நாலு பேரு விடட்டும்னுதான அண்ணன் ஆசுபத்திரியில கிடந்து பேசிக் குடுத்தாவ?”

“நீ குடு, இசக்கி.”

சவரி இருந்தவரை சிகரெட் நாற்றம் வந்தாலே அவரை மொட்டைமாடிக்கு விரட்டியவள் அவள். இன்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு முதல் சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

“எம் பேரு சவரி. வயசு நாப்பத்தாறு” என்றது குரல்.

ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு வரிதான். வரிசையாக இழுத்து முடித்தால்தான் அடுத்தது பேசும். அவளுக்கு வேண்டியது பத்தாவது. ஒன்பதை முடிப்பதற்குள் நெஞ்சு அடைத்தது. அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு பத்தாவதை இழுத்தாள்.

“பிலோமி, நீ நல்லா இருக்கணும்ட்டி.”

அதற்குமேல் பேச முடியாமல் அவர் இருமுவார். அத்தோடு பதிவு முடிந்துவிடும்.

இன்று பதிவு முடிந்த பிறகும் அந்த இருமல் நிற்கவில்லை. இருமிக்கொண்டிருந்தது அவள்.