ஆயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்றாவது பதிவு

மூன்று மணிக்கு விசாரணை. இரண்டரைக்கே கிளார்க் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார்.

இரண்டு நாளாக அவருக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இந்தக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வருகைப் பதிவு பார்க்கிறார். இப்படி ஓர் அநியாயத்தைக் கண்டதில்லை.

வாசலில் புதிதாக ஒரு மெஷின் மாட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து போகும்போது முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். இஸ்திரிப் பிரிவு ஆட்களுக்கு மட்டும் எரியாது.

எட்டு மணி நேரம் நீராவியில் வெந்து, சிவந்து, வியர்வை வழிய வந்து நின்றால் அதற்கு ஆள் தெரிவதில்லை. அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று எழுதிவிடும்.

இஸ்திரிப் பிரிவில் மூத்தவள் ஒருத்தி இதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'எங்க மெஷினுக்கு வேர்த்த முகம் தெரியாது.' அவ்வளவுதான். ஊரே எடுத்துப் பகிர்ந்தது.

மெஷினில் கோளாறே கிடையாது, கம்பெனி பேரைக் கெடுக்கிறாள் என்றார் மேனேஜர். பார்த்த ஆள் ஒருவரையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்றோடு வேலை போச்சு.

பார்த்த ஆள் கிளார்க்தான். மெஷினுக்கு மூன்றடி தள்ளி அவர் மேஜை. அவள் கழுத்துத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துத் துடைத்து நாலு தடவை காட்டினாள். நாலு தடவையும் சிவப்பு விளக்கு. அவர் டீ குடித்துக்கொண்டே முழுதாகப் பார்த்தார்.

துணி மடிக்கும் பிரிவில் முப்பது பேரும் பார்த்தார்கள். இன்று ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. வாட்ச்மேன் அவளைக் கண்டதும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுகிறார். கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். முதுகெலும்பில்லாத ஜென்மங்கள்.

காலையில் அவள் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க உள்ள வந்தெல்லாம் பேச வேண்டாம். பாத்ததை உங்க பக்கத்துல ஒரே ஒரு வரி போடுங்க. அதை நான் அவங்ககிட்ட காட்டிக்கிறேன்."

"போடுறேன்மா. நான் எழுதாம விட்ட விஷயம் எதுனா உண்டா?"

உண்மைதான். ஆறு வருடத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். டீயில் சர்க்கரையை எப்போது போட வேண்டும் என்பதில் தொடங்கி, நாட்டை யார் ஆளக் கூடாது என்பதுவரை அவர் கருத்துச் சொல்லாத சங்கதி கிடையாது. ஃபோன் குழந்தைகளைக் கெடுப்பதைப் பற்றி மட்டும் ஒன்பது பாகம், ஃபோனிலேயே எழுதியது.

சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார். அவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர் எழுத்தைப் படிக்க ஒரு தகுதி வேண்டாமா?

இப்போது விரல்கள் பறந்தன.

ஒரு வரியா? அவளுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும். அவர் எண்ணூறு சொல் எழுதினார். மனிதனைக் கண்டுகொள்ளாத மெஷினையும் அதை வாங்கிய மூளையையும் கிழிகிழி என்று கிழித்தார். மேனேஜரைப் பதவியோடு குறிப்பிட்டார். தேதி, மணி, நாலு தடவை, சிவப்பு விளக்கு, எல்லாம் வந்தது. 'என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்' என்று எழுதும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

'அநியாயத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவனைவிடக் கேவலமானவன் எவனும் இல்லை' என்று முடித்தார். மடிப்புப் பிரிவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முடித்தார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதிவைப் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் மேனேஜருக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஃபோன். தலையைத் தூக்கி வெளியே இவரைத் தேடினாள்.

போட்டாச்சு என்று இவர் பெரிதாகத் தலையாட்டினார்.

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. குனிந்து திரையைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். மேனேஜர் பார்ப்பதற்காகக் கையை நீட்டியபடி காத்திருந்தார். நீட்டிய கையைக் கொஞ்ச நேரத்தில் மடக்கிக்கொண்டார்.

கிளார்க் அங்கே பார்க்கவில்லை. தன் பதிவை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். பிரமாதமாக வந்திருந்தது. ஓரிடத்தில் ஒரு சொல் இரண்டு தடவை விழுந்திருந்தது. ஒன்றை எடுத்தார். இப்போது இன்னும் கச்சிதம்.

உள்ளே அவள் ஃபோனை மேஜைமேல் கவிழ்த்தாள். எதிரே தள்ளப்பட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்து வெளியே வந்தவள் அவர் மேஜையைக் கடக்கும்போது நிற்கவில்லை. நன்றி சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று கிளார்க்குக்கு வருத்தமாக இருந்தது. இவர்களுக்காகப் போய் எழுதுகிறோமே.

நாலாம் முறை படிப்பதற்காகப் பதிவின் தலைப்புக்குப் போனார். அங்கே தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். இதற்கு முந்தைய அத்தனை பதிவுகளிலும் இருக்கும் அதே பூட்டு, ஆறு வருடமாக ஒவ்வொரு தடவையும் அவரே மறக்காமல் தொட்டுப் போடுவது. பக்கத்தில் இரண்டு சொல்: 'நான் மட்டும்.'