ஷாலினி பார்த்த மூணு வேலை

“எம்மவளைத் தட்டு கழுவ விட்டீகளா, டீச்சர்?”

தொண்ணூறடி ரோட்டுப் பால்வாடி வாசலில் சங்கரேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். உள்ளே இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டிப் பாயை விரித்துக்கொண்டு எதையோ செய்துகொண்டிருந்தன. ஒன்று பட்டாணி உரித்தது. ஒன்று தண்ணீர் ஊற்றிப் பழகி, சிந்தியதைத் துணியால் ஒற்றியது. மூலையில் ஒரு சின்னத் தொட்டி, பக்கத்தில் ஆணியில் ஒரு சின்ன ஏப்ரன். பாடம் நடக்கிற சத்தமே இல்லை.

பேகம் டீச்சர் எழுந்து வந்தாள்.

“உள்ள வாங்கம்மா. என்ன விஷயம்?”

“விஷயமா? நேத்து சாயங்காலம் ஷாலினி சொல்லுதா, ‘இன்னிக்கு நான் மூணு வேலை பாத்தேம்மா’ன்னு. என்ன வேலைட்டின்னு கேட்டா, தட்டு கழுவுனேன், தரை துடைச்சேன், பட்டாணி உரிச்சேங்கா. நாலு வயசுப் பிள்ளை, டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று.

“சிரிக்காதீக. எனக்கு வயிறு எரியுது.”

“இல்லம்மா, இங்க இப்ப சொல்லித் தர்ற புது முறையில பிள்ளைங்க எதைச் செஞ்சாலும் ‘வேலை’ன்னுதான் பேரு. பூட்டுத் திறந்தாலும் வேலை, எழுத்தைத் தடவிப் பாத்தாலும் வேலை. யாரும் ஏவறதில்ல. அவங்களா எடுத்துச் செய்வாங்க.”

“வேலைன்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லணுமா? பதினோரு வருசமா மாட்டுங்காவுல வீட்டுவேலை பாக்கேன்.”

“இப்ப மான்குர்த், அம்பர்நாத் வரைக்கும் நிறைய பால்வாடியில இந்த முறை வந்தாச்சும்மா.”

“அம்பர்நாத் வரைக்கும் வேலைக்காரிக்குத் தட்டுப்பாடு போல.”

சங்கரேஸ்வரி பேச்சு அப்படித்தான், வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. ஆனால் இது வெறும் கோபமில்லை. ஷாலினி பிறந்த அன்றைக்கே, சயான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். ஊரான் எச்சித்தட்டு தன்னோடு போகட்டும், இந்தப் பிஞ்சுக்கை அதைத் தொடவே கூடாது என்று.

“அவ கழுவுனது அவளோட...” என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

“ஒண்ணும் சொல்லவேண்டாம். ஏட்டி ஷாலினி, பையை எடு.”

ஷாலினி அழவில்லை. விரித்த பாயைச் சுருட்டி, அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

வீராப்பாகக் கூட்டிவந்தாச்சு. மறுநாள் பிள்ளையை எங்கே விடுவது? வீட்டுக்காரன் காளிராஜ் காலையிலேயே தோல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். வேறு வழியில்லாமல் மாட்டுங்கா வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

“அந்த மூலையில உக்காரு. எதையும் தொடாத.”

அந்த வீட்டு மேடம் அன்றைக்கு ஏக குஷியில் இருந்தாள். போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

“இங்க பாரு சங்கரி, நம்ம நகுல் ஸ்கூல்ல தட்டு அலம்பறான். ஸ்கூல்லேந்து நேத்து போட்டோ அனுப்பியிருக்கா. புது முறையாம். தன் காரியத்தைத் தானே பாத்துக்கணும்னு சொல்லித் தரா. இதுல சீட் கிடைக்கறதுக்குள்ள நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.”

சங்கரேஸ்வரி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். அதே மாதிரிச் சின்னத் தொட்டி. அதே மாதிரிச் சின்ன ஏப்ரன்.

மேசையில் மேடத்தின் மகன் நகுல் தோசையைத் தின்று முடித்தான். ஐந்து வயது. பள்ளிப் பழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“நீ வை கண்ணா. அதெல்லாம் ஸ்கூல்ல போதும்.”

மேடம் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஷாலினியைப் பார்த்துச் சிரித்தாள். “குட்டி, சும்மாதானே உக்காந்திண்டிருக்கே? இதை எடுத்துண்டு போய் அலம்பி வை, பாப்போம்.”

நாலு வருசமாகச் சங்கரேஸ்வரி எதற்குப் பயந்தாளோ அது வந்தேவிட்டது. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டெல்லாம் பால்வாடி டீச்சரிடம்தான். இந்த வீட்டில் அவள் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஷாலினி எழுந்திருக்கவில்லை.

“அது அவன் தட்டு. அவன்தான் கழுவணும்.”

“என்னது?”

“நான் சாப்பிட்ட தட்டை நான் கழுவுவேன். அவன் சாப்பிட்டதை அவன் கழுவணும். பேகம் டீச்சர் சொல்லிருக்காங்க.” பிள்ளை மிரளவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

நகுல் தலையாட்டினான். “ஆமாம்மா. அதான் ரூல்.”

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

“எங்க சேத்திருக்கே சங்கரி இவளை? அங்க ஒரு வேலைகூடச் சொல்லித் தரமாட்டாளா?”

சங்கரேஸ்வரி குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்தாள். தட்டு மேசையிலேயே கிடந்தது. அவளும் அதை எடுக்கவில்லை.

“சொல்லிக் குடுக்காக, மேடம். அவ வேலையைச் சொல்லிக் குடுக்காக. அடுத்தவுக வேலையைத்தான் சொல்லிக் குடுக்கலை.”

மகளைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“ஒரு அரைமணி நேரத்துல வாரேன். இவளைப் பால்வாடியில விட்டுட்டு வரணும். எம்மவளுக்கு அங்க வேலை கிடக்கு.”