பெரிய பாம்பின் வேலை

பரமபத அட்டையின் உச்சியில் இருந்த பெரிய பாம்புக்குத் தன் பிழைப்பே பிடிக்கவில்லை. "ஏறி வர்றவங்களைக் கீழே தள்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று பக்கத்து ஏணியிடம் புலம்பும்.

"என்னை மாதிரி ஏத்திவிடக் குடுத்து வச்சிருக்கணும்" என்று ஏணி மிதப்பாகச் சொல்லும்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இலக்கியா உம்மென்று இருந்தாள். என்னவென்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அவள் அப்பா அட்டையை விரித்தார். அவர் காய் ஏணியில் கிடுகிடுவென ஏறியது. அவள் வாய் திறக்கவில்லை. பாம்பு அவரைக் கடித்து அடிக்கட்டத்துக்குத் தள்ளியதும் சிரித்துவிட்டாள்.

"நானும் இன்னிக்கு இப்படித்தான்பா. மேடையில பாட்டை மறந்துட்டு நின்னேன்."

"அப்புறம்?"

அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் தொடர்ந்தது. அப்பா திரும்பவும் உச்சியை நெருங்கினார். பகடையில் நாலு விழுந்தது. அவர் ஐந்து கட்டம் எண்ணி, காயைப் பாம்பின் வாயிலேயே வைத்தார்.

"ஐயோ, திரும்பவும் விழுந்துட்டீங்களா!" இலக்கியா அவரை ஒட்டி உட்கார்ந்தாள். "அப்புறம் என்னாச்சுன்னா..."

"நாலுதான் விழுந்துச்சு, தப்பா எண்றாரு!" என்று ஏணி கத்தியது.

"சும்மா இரு" என்றது பாம்பு. "பிள்ளை பேசிட்டிருக்கு."