ஜூலையில் இறக்கிய கோப்பு

"ஏம்மா, ஆறு தடவை இறக்கிட்டேன். ஆறும் கெட்டுப்போய்த்தான் வருது. நீங்க அனுப்புறது ஃபைலா, அழுகின உருளைக்கிழங்கா?"

ஹெல்மர் போனில் கத்தினார். தொழுவத்தில் ஐம்பத்தெட்டு மாடுகள் அவரைவிட உரக்கக் கத்தின.

விடியற்காலை விழுந்த இடியில் பால் கறக்கும் எந்திரத்துக்குப் புத்தி கழன்றுவிட்டது. கம்பெனி சர்வரிலிருந்து புரோகிராமை இறக்கி மறுபடி ஏற்றினால்தான் அது கை நீட்டும். மணி பதினொன்று. மடிகள் கல்லாய் இறுகிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் போனால் மடிநோய்தான். கையால் கறந்து பார்த்தார். எழுபத்துமூன்று வயது விரல்கள் ஐந்தாவது மாட்டோடு மடங்கிவிட்டன.

கம்பெனிக்கு விடாமல் மணி அடித்ததில், கடைசியில் ஒரு பெண்மணி எடுத்தார்.

"கத்தாதீங்க. மாட்டுச் சத்தத்துலயே காது கிழியுது. என்ன வருதுன்னு நிதானமா சொல்லுங்க."

படித்தவர்களை ஹெல்மர் நம்புவதில்லை. போன வருஷம் இதே கம்பெனிக்காக ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த பொறியாளன், மாட்டுக்குப் பின்னால் நின்று எந்திரத்தைப் பற்றிப் பேசி, ஒரு உதையும் வாங்கிக்கொண்டு போனவன்.

"ஃபைல் பழுதுன்னு காட்டுது. திறக்க மாட்டேங்குது."

"பக்கத்துல சைஸ் போட்டிருக்குமே, எவ்வளவு?"

"ரெண்டு."

"நல்லபடியா வந்தா எவ்வளவு வரணும்?"

சுவரில் பொறியாளன் கிறுக்கி வைத்ததை ஹெல்மர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "எட்டு லட்சம்."

"அப்ப அது கெட்டுப்போகலைங்க. ஒரு லாரி வைக்கோல் கேட்ட இடத்துல ஒரு கடுதாசி வந்திருக்கு. கடுதாசின்னா படிச்சுப் பார்த்துட வேண்டியதுதானே? நோட்பேட்ல போட்டுத் திறங்க."

அந்தம்மா பேச்சில் வாயில் நுழையாத சொல் ஒன்றுகூட இல்லை! ஹெல்மர் திறந்தார். புரியாத குறிகளுக்கு நடுவில் சுத்தமான ஸ்வீடிஷில் மூன்று வரி. போனில் உரக்கப் படித்தார்.

"எங்கள் அலுவலகம் கோடை விடுமுறையில் இருக்கிறது. ஆகஸ்ட் நான்காம் தேதி சந்திப்போம். இனிய கோடை."

"அட கடவுளே! யார் எதைக் கேட்டாலும் இதையே குடுன்னு சர்வருக்குச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. உங்க எந்திரம் புரோகிராம் கேட்டிருக்கு. சர்வர் அந்தப் பேரை மட்டும் போட்டு, லீவு நோட்டீசைக் குடுத்திருக்கு."

"மாட்டுக்கும் லீவு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"போனை வெச்சிடாதீங்க. பார்க்கறேன்."

நாற்காலி இழுபட்டது. எதையோ நகர்த்தும் சத்தம். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் ஓசை. அவசரமே இல்லை. ஹெல்மர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கோடை அறிவிப்புன்னு ஒரு கட்டத்துல டிக் போட்டிருக்கு. எடுத்துட்டேன். இப்ப இறக்குங்க."

எண் ஏறியது. நூறு, ஆயிரம், லட்சம். எட்டு லட்சத்தில் நின்றது. கோப்பு மறுபேச்சில்லாமல் திறந்தது. சற்று நேரத்தில் எந்திரம் முனகி எழுந்து கை நீட்டியது. மைரூஸ் என்ற மாடு மற்ற மாடுகளை முட்டித் தள்ளிக்கொண்டு முதல் ஆளாய் உள்ளே போனது. குழாயில் பால் ஓடும் சத்தம் கேட்டது.

ஹெல்மர் தொப்பியைக் கழற்றினார். போனில் யாருக்குத் தெரியப்போகிறது? இருந்தாலும் கழற்றினார்.

"அம்மா, படிச்சவன் எவனையும் நான் நம்பினது கிடையாது. இன்னைக்கு என் வாயால சொல்றேன், படிச்சா உங்களை மாதிரி படிக்கணும். இன்னைக்கே உங்க முதலாளிக்கு எழுதறேன். அத்தனை இன்ஜினியருக்கும் மேல உங்களை உக்கார வைக்கணும்."

"ஐயையோ, எழுதிடாதீங்க!" அந்தப் பெண்மணி பதறிப் போனார். "நான் எதிர்வீட்டுக்காரி. ஆபீஸ்ல இருக்கிற ஜெரேனியம் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவியைக் குடுத்துட்டு எல்லாரும் லீவுக்குப் போயிட்டாங்க. பாஸ்வேர்டை அந்தத் தொட்டிக்கு அடியிலதான் ஒட்டி வெச்சிருந்தாங்க!"