சொந்த வண்டி

பின்கதவு திறக்கவில்லை.

சாத்தூரில் சம்பந்தி வீட்டு வாசலில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ரத்தினசாமியின் மகன் ராஜபாண்டியன் பிக்கப் வண்டியின் இடது கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே தங்கை அனுப்பிரியாவின் கல்யாணச் சீர். பீரோ, கட்டில், ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு. ராகு காலம் பிறக்க எட்டு நிமிஷம் இருந்தது. அதற்குள் விளக்கு வாசற்படி ஏற வேண்டும்.

ரத்தினசாமியின் முதுகு மட்டும் வளையவில்லை. விருதுநகரில் மூன்று தலைமுறையாக வற்றல் வியாபாரம் செய்கிற குடும்பம். துண்டை ஒருதரம் உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவு திறக்காததும் சீரில் ஒரு சடங்கு என்பதுபோல் நின்றார்.

எல்லாம் நிச்சயதார்த்தத்தில் வந்த வினை. அன்று சம்பந்தி சங்கரலிங்கம் ஒரு வெள்ளை பிக்கப்பில் தாம்பூலத் தட்டுகளோடு வந்து இறங்கினார். முன்கண்ணாடியில் அவருடைய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் மின்னியது. வண்டி புதுசா என்று யாரோ கேட்டதற்கு, நமக்கு வாடகை வண்டி சரிப்படாது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

நாலு பேர் காதுபட ரத்தினசாமியும் சொல்லிவிட்டார், எங்கள் சீரும் சொந்த வண்டியில்தான் வரும் என்று.

வாங்கத்தான் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போய் விலை கேட்பார். குறைகிற பணத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பப் போவார். அதற்குள் வண்டி இருபதாயிரம் முன்னால் போயிருக்கும். ஒரு வருஷம் இரும்பு விலை என்றார்கள். மறுவருஷம் புகைக்குப் புதுச் சட்டம் என்றார்கள். கடையில் நிற்கும்போதே இந்த ஓட்டம் ஓடுகிற வண்டி, வாங்கினால் நன்றாகத்தான் ஓடும் என்று நினைத்துக்கொள்வார்.

தவணைக்கு எடுக்கலாம் என்றான் ராஜபாண்டியன். எடுத்தால் கடன் கொடுத்தவன் பெயரை வண்டியில் எழுத வேண்டும். நம் வண்டியில் அடுத்தவன் பெயரா என்று அந்தப் பேச்சை முடித்தார். அப்படியானால் விலை குறைந்த குட்டியானை வண்டி வாங்கலாம் என்றான். யானைக்கு வக்கில்லாதவன் குட்டி வாங்கினான் என்று ஊர் சிரிக்கும் என்றார்.

கடைசியில் சிவகாசியில் தினவாடகைக்கு எடுத்தார். விருதுநகரில் எடுத்தால் தெரிந்துவிடும். டிரைவர் வேண்டாம், சாவி மட்டும் போதும் என்றபோது வண்டிக்காரன் நல்லசிவம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பெயர் ஒட்டினால் பசை தங்காமல் உரித்துத் தர வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

பெயரையும் சிவகாசியிலேயே தங்க எழுத்தில் அச்சடித்து முன்கண்ணாடியில் ஒட்டியாயிற்று.

சாத்தூரில் வந்து நின்றதுமே சங்கரலிங்கம் விலை கேட்டார். ரத்தினசாமி போன வாரம் மதுரையில் கேட்டுவந்த விலையை ரூபாய் பிசகாமல் சொன்னார். அதற்கு முந்தின வாரம் பன்னிரண்டாயிரம் கம்மி என்று சங்கரலிங்கமும் பிசகாமல் சொன்னார்.

காலையில் வண்டி கைக்கு வந்தபோது பின்கதவு திறந்தே கிடந்தது. சாமான் ஏற்றிச் சாத்தியபோது சமத்தாகச் சாத்திக்கொண்டது. இப்போதுதான் இப்படி.

"புது வண்டில்லா, அதான் வெக்கப்படுது" என்றாள் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள்.

ஒருவர் கடப்பாரை எடுத்துவரச் சொன்னார். ரத்தினசாமிக்கு நல்லசிவத்தின் முகம் கண்முன் வந்து நின்றது. சொந்த வண்டிக் கதவைத் திறக்கத் தெரியாதவர்களா என்று இன்னொருவர் பக்கத்து ஆளின் காதில் கேட்டார். அது ரத்தினசாமியின் காதிலும் விழுந்தது. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் பொய்யன் என்று பெயர் வாங்கினால் அப்புறம் இந்தப் படியை எப்படி மிதிப்பது?

மூன்று நிமிஷம்.

சங்கரலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. ராஜபாண்டியனைத் தள்ளி நிற்கச் சொன்னார். இடது கொக்கிக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பி, கதவின் மூலையில் முழங்காலால் ஒரு தட்டு, கொஞ்சம் கீழே இன்னொரு தட்டு.

கதவு திறந்துகொண்டது.

குலவைச் சத்தம் எழுந்தது. குத்துவிளக்கு இறங்கியது. கூட்டம் அதன் பின்னாலேயே வீட்டுக்குள் போனது.

வண்டிக்குப் பின்னால் இரண்டு சம்பந்திகள் மட்டும் நின்றார்கள். சங்கரலிங்கத்தின் கட்டைவிரல் இன்னும் கொக்கிக்கு அடியில்தான் இருந்தது.

ரத்தினசாமி அந்த விரலையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிக்குரலில் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எம்புட்டு வாங்குனான்?"

"எண்ணூறு."

சங்கரலிங்கம் கொக்கியை விட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நிச்சயத்துக்கு அறுநூறுதான் சம்பந்தி. அதுக்குள்ள ஏத்திப்புட்டானே."