இடப்பக்கத்து பிரேக்

அந்தப் பழைய கார் சரியாக அமைந்தால், திங்கட்கிழமை முதல் நான் தோல்கிடங்கில் மூட்டை தூக்க வேண்டாம், டாக்சி ஓட்டலாம். மெக்கானிக் பூலோகம் அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாராவியிலிருந்து செம்பூருக்கு ஓட்டிப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூலில் இருந்த வண்டி. கற்றுக்கொடுப்பவர் மிதிக்க இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நன்றாக ஓடும்போதே திடீரென்று தயங்கியது, ஸ்டியரிங் அதிர்ந்தது.

"இன்ஜின் இல்லடே, இந்த பிரேக்குதான் பிடிக்கு," என்றார் அண்ணாச்சி. சயானில் நிறுத்தி, அதை அடியோடு கழற்றி டிக்கியில் போட்டார்.

வண்டி பறந்தது. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. குர்லா தாண்டியதும் மறுபடி அதே அதிர்வு, வண்டி நின்றேவிட்டது. சந்திலிருந்து ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் குறுக்கே பாய்ந்து போனது.

"நல்ல நேரத்துல மிதிச்சீரு அண்ணாச்சி."

"எதை மிதிக்க? நான் சம்மணம்லா போட்டிருக்கேன். நீ மிதிக்கலையா?"

"என் கால் ஆக்சிலேட்டர்லயே இருக்கு."

அண்ணாச்சி இறங்கிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். "வண்டி ஏக்தம் டீக், ஒரு கொறையும் இல்ல. எடுத்துக்கிடு," என்றார்.

அவர் எழுந்த பிறகும் முன்சீட்டின் பள்ளம் மேலே வரவில்லை. நான் கியரைப் போட்டேன். செம்பூர் வரை ஒரு குலுக்கல் இல்லை.